முதலில் ரம்பத்தைக் கீழே வையுங்கள்!

பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்து மாற்றிக் கட்டும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

அப்பா ஓட்டிய 1987 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின், பன்னிரண்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. வீட்டிலேயே கஃபே ரேஸர் (தாழ்ந்த ஹேண்டில், பின்னால் கூம்பு வைத்த சீட், ரேஸ் பைக் பாணி) ஆக்கப் போகிறேன். பின்பக்க ஃபிரேமை எந்த இடத்தில் அறுக்க வேண்டும் சார்? கட்டிங் மெஷின் வாங்கிவிட்டேன்.
– வாசகர், திண்டுக்கல்

எங்கேயும் அறுக்காதீர்கள். மெஷினைச் சீட்டுத் தகடு வெட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லட் ஃபிரேமில் இன்ஜினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்னாலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாயையும் பின்பக்க ஃபிரேமையும் இணைக்கிற பாலமே இன்ஜினும் கியர்பாக்ஸ் பிளேட்டுகளும்தான். இப்படிப்பட்ட ஃபிரேமில் எந்தக் குழாயும் சும்மா இருக்காது. ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்குப் பின்னால் வரும் வளைவு சீட்டையும் மட்கார்டையும் மட்டும்தானே தாங்குகிறது என்று வெல்டிங் பட்டறையில் சொல்வார்கள். அந்த வளைவுதான் இடது, வலது குழாய்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு குழாயும் தனித்தனியாக ஆடும். நாளடைவில் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விழும். பெயிண்டுக்கு அடியில் அது தெரியாது.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. வண்டிக்கு ஒரு அபராதம் என்று கணக்குப் போடாதீர்கள், மாற்றத்துக்கு ஒன்று. நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற வேண்டும்.

ஆகவே ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: செய்வதெல்லாம் போல்ட் போட்டு மாட்டுவதாக இருக்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி திருப்பி மாட்ட முடிய வேண்டும். கழற்றிய சீட், மட்கார்ட், ஹேண்டில் பார், சைலன்சர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி மச்சில் போடுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது அவைதான் கைகொடுக்கும். சீட்டுக்கு 18 கேஜ் தகட்டில், அதாவது 1.2 மி.மீ., அடித்தட்டு செய்து பழைய சீட் போல்ட் ஓட்டைகளிலேயே உட்காரவையுங்கள். பின்னால் கூம்பு வைத்தால் அந்த வளைவு அதற்குள் மறைந்துவிடும். அடியில் 25 மி.மீ. ரீபாண்டட் ஃபோம், மேலே 25 மி.மீ. மென்மையான ஃபோம் போடுங்கள். மென்மையானதை மட்டும் போட்டால் அரை மணி நேரத்தில் தகடு இடுப்பில் இடிக்கும். பின்னால் ஆள் உட்காரும் வண்டியென்று பதிவாகியிருந்தால் கைப்பிடி, ஃபுட் ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் சேலைக் கார்டு மூன்றும் இருந்தாக வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 123 அப்படித்தான் சொல்கிறது.

வேலையைக் காகிதத்தில் தொடங்குங்கள். பன்னிரண்டு வருடம் நின்ற வண்டிக்கு ஆர்.சி. காலாவதியாகியிருக்கும். ‘வாகன்’ என்ற அரசின் ஆன்லைன் வண்டிப் பதிவேட்டில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய புத்தகத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து ஏற்றச் சொல்ல வேண்டும். வண்டியைப் பழைய உருவத்திலேயே ஓடவைத்து, ஆர்.சி.யைப் புதுப்பித்து, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பிரித்துப்போட்ட பிறகு புதுப்பிக்க அலைந்தவர்களின் வண்டிதான் பாதியில் பழைய இரும்புக்கடைக்குப் போகிறது.

பிரிக்கும்போது ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி பாலித்தீன் பையில் போட்டு, எந்த இடத்தது என்று சீட்டு எழுதிப் போடுங்கள். உங்கள் வண்டியில் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்திருக்கும். 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ. பார்வைக்கு 8 மி.மீ. போல்ட் போலவே இருக்கும்; மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று சுலபமாக ஏறும், மூன்றாவதில் இறுகும், அழுத்தினால் இன்ஜின் கேஸில் இருக்கும் அலுமினிய மரை சுருண்டு வெளியே வரும். கையால் கடைசி வரை சுற்ற முடியாத போல்ட்டில் ஸ்பேனரை வைக்கவே வைக்காதீர்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. சீட், லைட், சைலன்சர், கேபிள் எல்லாவற்றையும் வெறும் இரும்பிலேயே ஒருமுறை முழுக்க மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி பிரித்து அப்புறம் பெயிண்டுக்கு அனுப்புங்கள்.

புல்லட்டில் முன்னால் இருக்கிற பெரிய ஹெட்லைட் கூட்டைக் கழற்றிவிட்டு வெறும் வட்ட லைட்டும் கிளிப்-ஆன் ஹேண்டிலும் (ஃபோர்க் குழாயிலேயே கவ்வும் தாழ்ந்த ஹேண்டில்) போட முடியுமா? ஃபுட் ரெஸ்டையும் பின்னால் தள்ள வேண்டும்.
– வாசகர், ஓசூர்

பழைய ஸ்டாண்டர்டு மாடலில் அந்தக் கூடு அலங்காரம் இல்லை. ஃபோர்க் குழாய்களின் மேல் முனை மரையாக அதற்குள்ளேயே ஏறியிருக்கிறது. மேல் யோக், அதாவது இரண்டு ஃபோர்க் குழாய்களையும் மேலே சேர்த்துப் பிடிக்கும் பாகம், அதன் வேலையைச் செய்வதே அந்தக் கூடுதான். அதை எடுத்தால் ஃபோர்க்கின் தலைப் பிடி போய்விடும். வட்ட லைட் வேண்டுமென்றால் கூடு இல்லாத புல்லட் மாடல்களின் மேல் யோக், கீழ் யோக், ஃபோர்க் குழாய் மூன்றையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி லேத்தில் ‘அட்ஜஸ்ட்’ செய்யும் பேச்சே கூடாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய செட் வாங்கினால், குழாயைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்த குழாய்.

ஹேண்டில் தாழும்போது ஆக்ஸிலேட்டர், கிளட்ச் கேபிள்கள் நீளமாகிவிடும். வளைத்து மடக்கி உள்ளே திணிக்காமல் குட்டையாகச் செய்து வாங்குங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. யு-டர்ன் எடுக்கும்போது வண்டி தானே பாய்வது இப்படித்தான்.

ஃபுட் ரெஸ்ட் விஷயம் கொஞ்சம் சிக்கல். உங்கள் வண்டியில் கியர் வலது பக்கம், நியூட்ரல் லீவரும் கிக்கரும் அதே பக்கம். ஃபுட் ரெஸ்டைப் பின்னால் தள்ளினால் கிக்கர் இறங்கும் வழியில் அது நிற்கும். மடங்குகிற ஃபுட் ரெஸ்டாகத்தான் போட வேண்டும். கியருக்கு இணைப்புக் கம்பி கொடுக்கும்போது லீவர் திசை திரும்பிவிடாமல் பாருங்கள். இந்த கியர்பாக்ஸில் ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே. கம்பி தவறினால் அது தலைகீழாகும். அவசரத்தில் கால் பழைய பழக்கத்தில்தான் போகும்.

முன் பிரேக்குக்கு டிஸ்க் போட ஃபோர்க் காலில் பிராக்கெட் வெல்டிங் வைப்பதாக நீங்கள் தனியாக எழுதியிருப்பதற்கு ஒரே வார்த்தை: வேண்டாம். டிரம்மின் ஓவலை லேத்தில் கடைந்து எடுத்து சரியான வட்டமாக்கி, நல்ல ஷூ போட்டு, பிரேக் பிடிக்கும் நிலையில் கேம் லீவரும் கேபிளும் 90 டிகிரியில் இருக்கும்படி வையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பிரேக் கிடைத்துவிடும்.

ஷெட்டில் நின்ற புல்லட்டின் கிக்கர் அசையவே இல்லை. ஏறி நின்று உதைத்தும் பயனில்லை. இன்ஜினை முழுக்கப் பிரித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், காரைக்குடி

முதலில் உதைப்பதை நிறுத்துங்கள். பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கும்போது உதைத்தால் உடைவது பிஸ்டன் அல்ல, கிக்கர் ராட்செட் பற்கள்.

பிளக்கைக் கழற்றி, 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து ஐம்பது மி.லி. ஊற்றுங்கள். மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். டாப் கியரில் சக்கரத்தின் பிடிமானம் பெரிது, தட்டு மென்மையாக விழும். ஒரு மி.மீ. அசைந்தால் போதும், மீதி தானாக வரும்.

சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்துப் பார்ப்பதே நல்லது. துரு பிடித்த இடத்தில் சிலிண்டரில் வளையம் விழுந்திருக்கும், அது ரிங்கைச் சுரண்டும். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ. மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்கும் டயல் கேஜில் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் 0.15 மி.மீ. தாண்டினால் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய் அதற்கேற்பப் போரிங் போடச் சொல்ல வேண்டும். போரிங்கை முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது செருப்பு வாங்கிக் காலை வெட்டுவது மாதிரி. ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஏறும்; அதற்கு மேல் புது ஸ்லீவ்தான். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 25 மி.மீ. போருக்கு 0.1 என்ற கணக்கில் இதற்கு 0.28 வரும், 0.30 வைத்தால் சரி. இடைவெளியே இல்லாத ரிங் சூட்டில் முட்டிக்கொண்டு உடையும்.

பிஸ்டன் இல்லாதபோது கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கலாம். மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. 350-இல் பெரிய முனையில் இருப்பது மிதக்கும் புஷ், அழுக்கு ஆயிலில் முதலில் போவது அதுதான். இப்போது ரோலர் பேரிங் ராடும் கிடைக்கிறது. எப்படியும் கிராங்கைப் பிரிக்கிறீர்கள் என்றால் அதைப் போடலாம்.

மாட்டி முடித்ததும் டேப்பட் (வால்வு இடைவெளி) வைப்பதில் பலர் குழம்புகிறார்கள். இந்த இன்ஜினில் ஃபீலர் கேஜ் தேவையில்லை. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு மூடிய நிலையில் புஷ்ராட் இரண்டு விரலால் லேசாகச் சுற்ற வேண்டும், மேல்கீழ் ஆட்டம் இருக்கக்கூடாது. இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. அடியிலுள்ள டிரெயின் பிளக்குகளைத் திறந்து பழைய ஆயிலை முழுக்க வடித்து 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் பக்கம் தேங்கியிருக்கும். வடிக்காமல் ஸ்டார்ட் செய்தால் தெருவே புகையில் மறையும். ஸ்டார்ட் ஆனவுடன் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் பேன்ஜோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். கசியவில்லையென்றால் உடனே அணைத்துவிட்டுப் பம்பைப் பாருங்கள். முதல் 500 கி.மீ. வரை 50-ஐத் தாண்டாதீர்கள்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போட்டு எல்லாம் மாட்டினேன். ஹார்ன் அடித்தால் லைட் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் ஹார்ன் முனகுகிறது. வயரிங் புதியது. எலக்ட்ரீஷியன் ரெக்டிஃபயரை மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், சேலம்

ரெக்டிஃபயர் பாவம். பவுடர் கோட்டிங் என்பது ஃபிரேமுக்கு நீங்கள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டை. பழைய வண்டிகளில் பேட்டரிக்குத் திரும்பும் கரன்ட் முழுக்க ஃபிரேம் வழியாகத்தான் போகும். அந்த வழி அடைபட்டதால் ஹார்ன் கரன்ட், இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாக வளைந்து திரும்புகிறது. ஒன்றைப் போட்டால் இன்னொன்று சிணுங்குவது அதனால்தான்.

உறுதி செய்ய, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றை ஹெட்லைட் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கோட்டிங்கைச் சுரண்டி எர்த் எடுக்கலாம். அதைவிட நல்லது, பேட்டரி நெகட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றை நேராக இன்ஜின் போல்ட்டுக்கும், அங்கிருந்து ஹெட்லைட், பின் லைட் வரைக்கும் தனியாக இழுப்பது. ஃபிரேமை நம்பவே வேண்டாம். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயர் தடிமனுக்கு வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 1.5 சதுர மி.மீ. வயர் போதும். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பே கிட்டத்தட்ட 6 ஆம்பியர்; பழைய வண்டிகளில் லைட் மங்க இதுவும் காரணம். இண்டிகேட்டருக்கு 0.75 போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சீட்டுக்கு அடியில் எங்கோ தள்ளிப் போட்டால், நடுவில் உரசும் வயருக்குப் பாதுகாப்பில்லை. எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டினால் பழைய ஃபிளாஷர் கண் சிமிட்டாது. அது பல்பு இழுக்கும் கரன்டின் சூட்டில் வேலை செய்வது, எல்.இ.டி.க்கு அந்தக் கரன்ட் போதாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்க வேண்டும்.

இனி கோட்டிங்குக்கு அனுப்பப்போகிறவர்களுக்கு: ஸ்டியரிங் பேரிங் கப், ஸ்விங் ஆர்ம் துளை, எல்லா மரைகள், இன்ஜின் உட்காரும் முகங்கள் இவற்றை மறைத்துக் கொடுங்கள். கோட்டிங் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும். ரப்பர் புஷ் கருகும், சாதாரணப் புட்டி கொப்பளிக்கும். சேஸ் நம்பர் மேல் கோட்டிங் ஏறவே கூடாது. சோதனையின்போது அந்த எழுத்துகள் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். பவுடர் பள்ளத்தை நிரப்பியிருந்தால் தாளில் வெறும் கறுப்புத்தான் வரும், அதற்குப் பிறகு நீங்கள் எந்த விளக்கம் கொடுத்தாலும் எடுபடாது.

பெட்ரோல் டேங்க் உள்ளே முழுக்கத் துரு. பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். அந்த ஆசிட் துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், கழுவிய பத்தாவது நிமிடத்தில் புதுத் துரு மஞ்சளாகப் பூக்கும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற அதே சூத்திரம்தான்.

பெட்ரோல் காக்கைக் கழற்றி, துளையை ரப்பர் வாஷர் வைத்த போல்ட்டால் அடையுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கி, உதிரும் துருவைக் கொட்டுங்கள். போட்ட எண்ணிக்கையில் திரும்பி வந்ததா என்று எண்ணுங்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு. 14 லிட்டர் டேங்குக்கு ஒன்றரைக் கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். விளிம்பு வரை நிரப்பி 12 மணி நேரம் விடுங்கள். இரும்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கொட்டிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவையுங்கள். காய்ந்த கையோடு 200 மி.லி. பெட்ரோலில் ஒரு மூடி 2டி ஆயில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். இந்தக் கடைசி வேலையை நாளைக்கு என்று தள்ளினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

துரு போனதும் ஊசித் துளைகள் கசியலாம். துருதான் அவற்றை அடைத்திருந்தது. எந்தக் காரணத்துக்கும் காலி டேங்கை வெல்டிங் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க் பயங்கரமானது.

யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (ரேஸ் சைலன்சர்) கோன் ஃபில்டரும் (திறந்த கூம்பு ஏர் ஃபில்டர்) போட்டேன். இரண்டு மாதத்தில் இரண்டு முறை பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துவிட்டது. இரண்டு முறையும் ரீபோர். ஆயில் பம்பையும் கழற்றிவிட்டேன். பிஸ்டன் கம்பெனியை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

காற்று போகும் வழி இரண்டையும் அகலமாக்கினீர்கள், பெட்ரோல் வழியைத் தொடவில்லை. கலவை மெலிந்துவிட்டது. மெலிந்த கலவை சூடாக எரியும், 50 மி.மீ. போர் உள்ள சின்ன இன்ஜினுக்கு அந்தச் சூட்டை விரட்ட நேரமில்லை. எந்தக் கம்பெனிப் பிஸ்டன் போட்டாலும் மூன்றாவது முறையும் பிடிக்கும்.

பிடித்த பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் வெளிச்சத்தில் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கீறல் என்றால் சூடும் மெலிந்த கலவையும் காரணம். நான்கு மூலையிலும் செங்குத்தாக நான்கு பட்டை விழுந்திருந்தால் போரிங் இறுக்கம், அல்லது இன்ஜின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறீர்கள். சுற்றிலும் சமமாகக் கீறியிருந்தால் ஆயில் போதவில்லை.

பம்பைக் கழற்றினால், கார்புரேட்டர் பக்கம் ஆயில் நுழைந்த சின்ன முனையை அடைத்தீர்களா? பலர் மறப்பது அதைத்தான். திறந்திருந்தால் அது காற்றை உறிஞ்சும், கலவை மேலும் மெலியும். இனி ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் 25 மி.லி. 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். ரீபோர் ஆன முதல் 500 கி.மீ.க்கு 30 மி.லி. கலக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிவிட்டு மேலே ஆயிலைக் கொட்டினால் அது டேங்கின் அடியில் போய்த் தங்கும். தனி கேனில் கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) இப்போதிருப்பதைவிட இரண்டு மூன்று அளவு பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் வண்டி விக்கி, அடர்த்தியாகப் புகைத்தால் நல்ல அறிகுறி. பணக்காரக் கலவையில், அதாவது பெட்ரோல் கூடிய கலவையில், இன்ஜின் சாகாது. அங்கிருந்து ஒவ்வோர் அளவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆள் நடமாட்டமில்லாத நேர் சாலையில் மூன்றாவது கியரில் அரைக் கிலோமீட்டர் முழுக்க முறுக்கி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக இருந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். வெள்ளையாக இருந்தால் உடனே ஒரு அளவு மேலே போங்கள். ஐடிலில் ஓடவிட்டுப் பிளக் பார்ப்பது வீண். மெயின் ஜெட் வேலை செய்வது முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேல்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஐடில் ஏறி ஏறி இறங்கினால் மேக்னட் பக்க கிராங்க் ஆயில் சீலைச் சந்தேகியுங்கள். 1996-க்குப் பிறகு தயாரிப்பே இல்லாத வண்டி. அதில் இருக்கும் ரப்பரின் வயதை எண்ணிப் பாருங்கள். இரண்டு சீலும் ரீட் வால்வு இதழ்களும் சிலிண்டர் வேலையோடு சேர்த்து மாற்ற வேண்டியவை.

யெஸ்டி ரோட்கிங், பாபர் பாணியில் (மட்கார்டைக் குட்டையாக்கிய, ஒற்றைச் சீட் தோற்றம்) கட்டிவிட்டேன். வெள்ளைப் புகை நிற்கவே இல்லை. ஆயில் கலப்பதைக் குறைத்தும் அப்படியே.
– வாசகர், மதுரை

ஆயிலைக் குறைத்தது தவறு, பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் அளவைக் குறித்துவைத்து நூறு கிலோமீட்டர் கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் இடது பக்க, அதாவது கிளட்ச் பக்க, கிராங்க் சீல் போய் இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்கிறது. வலது பக்க சீல் போனால் அறிகுறி வேறு: புகை இருக்காது, காற்று உள்ளே போய் ஐடில் தானாக ஏறும். இன்ஜினைத் திறந்தால் இரண்டு சீலையும் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அழகுக்காக இரட்டை சைலன்சரில் ஒன்றை எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டர் ஒன்று என்றாலும் புகை வெளியேற வாசல் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரிக் குழாயில் முடிந்தால்தான் அந்த இன்ஜின் சரியாக மூச்சு விடும். மற்றதையும் மாட்டுங்கள். சைலன்சர் உள்குழாயைக் கழற்றிக் கரி எடுத்தாலே இழந்த இழுவையில் பாதி திரும்பிவிடும். காஸ்டிக் சோடாக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைக்கலாம், இரும்புப் பாகத்தை மட்டும். அலுமினியம் அதில் கரைந்தே போகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பின்னால் அகல டயர் போட்டால்தான் தோற்றம் வருகிறது. புல்லட்டில் எவ்வளவு வரை போகலாம்?
– வாசகர், வேலூர்

கடைக்காரர் சொல்லும் அளவை விட்டுவிட்டு, ஸ்விங் ஆர்முக்குள் இருக்கும் இடத்தை நீங்களே அளந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டிலிருந்து செயினுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் எல்லாப் பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். வேகத்தில் டயர் விரியும், செயின் ஆடும். செயின் பக்கம்தான் முதலில் உரசும். இடம் போதவில்லையென்று ரிம்மை ஒரு பக்கம் இழுத்து ஸ்போக் கட்டுவார்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாத வண்டி கை விட்டால் ஒரு பக்கமாகவே போகும். நூல் பிடித்துப் பாருங்கள்: பின் டயரின் இரண்டு பக்கத்திலிருந்தும் முன்னோக்கி நூல் இழுத்தால் முன் டயர் நடுவில் சமமாக உட்கார வேண்டும்.

ஸ்போக் கட்டியதும் ஸ்விங் ஆர்மில் ஒரு பென்சிலைக் கட்டிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். பெண்டும் குதிப்பும் 1.5 மி.மீ.க்குள் வர வேண்டும். நாற்பது ஸ்போக்கையும் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வாருங்கள்; எல்லாம் ஒரே மாதிரி மணி போலக் கேட்க வேண்டும், ‘தொப்’ என்று கேட்பது தளர்ந்தது. நிப்பிளுக்கு மேல் நீட்டியிருக்கும் ஸ்போக் நுனிகளை அரத்தால் மட்டமாக்கி, ரிம் டேப் போட்ட பிறகே டியூப்.

புல்லட்டில் பெரிய முன் ஸ்ப்ராக்கெட் போட்டால் ஹைவேயில் சத்தமில்லாமல் போகும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், விழுப்புரம்

உண்மை. 350-இல் 16 பல் இருக்கும். 17 போட்டால் அதே வேகத்தில் இன்ஜின் சுற்று ஆறு சதவீதம் குறையும். 18 போட்டால் மேட்டில் மூன்றாவது கியருக்கு இறங்கிக்கொண்டே இருக்க நேரும். பின்னால் மாற்ற நினைக்காதீர்கள். 38 பல் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. முன் ஸ்ப்ராக்கெட் பிரைமரி கேஸுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கிளட்சும் பிரைமரி செயினும் கழன்றுதான் அது வெளியே வரும். எனவே கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் இதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

1968 ஜாவா ஒன்று கிடைத்திருக்கிறது, மைசூர் தயாரிப்பு. எல்லாப் பாகமும் ஒரிஜினல். ஸ்கிராம்ப்ளராக (மண் சாலைக்கேற்ற பைக்) மாற்ற ஆசை.
– வாசகர், உதகமண்டலம்

இந்த ஒரு வண்டியை விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ‘விஏ’ எழுத்து வரும் தனி நம்பர் கிடைக்கும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் ஃபிரேம், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி கிடைக்காது. கிடைத்தாலும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் வெளியே எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. ஸ்கிராம்ப்ளர் வேண்டுமென்றால், ஏற்கெனவே யாரோ பாதிப் பாகங்களைத் தொலைத்துவிட்ட ரோட்கிங் ஒன்றைத் தேடுங்கள். ஆர்.சி. புத்தகமும் சேஸ் நம்பரும் பொருந்தினால் போதும், மற்றதெல்லாம் எப்படியும் நீங்கள் மாற்றப்போவதுதானே.